பச்சைக் கூண்டின் எலி

அலாரம் அலறியது.

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு சுழன்றது. வெளியே போக ஒரு காலை எடுத்து வைத்த வாலு, வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கினான்.

"நான் எதையும் எடுக்கல. வேணும்னா பாக்கெட்டைப் பார்த்துக்கங்க."

"எடுக்கலன்னு தெரியும். உங்க மேல ஏதோ ஒட்டியிருக்கு," என்றார் எலி டாக்டர்.

அவர் மிருக வைத்தியர். இந்த ஆய்வுக்கூடத்தில் எலிகளைத் தவிர வேறு மிருகம் கிடையாது என்பதால் எல்லோருக்கும் எலி டாக்டர். கதிர்வீச்சை அளக்கும் கையடக்கமான மானி ஒன்றை எடுத்து வாலுவின் தலையிலிருந்து மெதுவாகக் கீழே இறக்கினார். தோளில் சத்தமில்லை. மார்பில் சத்தமில்லை. வலது சட்டைக் கைக்கு வந்ததும் கருவி எண்ணெயில் விழுந்த கடுகாகப் பொரிந்தது.

"சட்டையைக் கழட்டுங்க."

"பழகி ரெண்டு வாரம்கூட ஆகல, டாக்டர்."

"கதிர்வீச்சு மருந்து ஊசி போட்ட எலி உங்க மேல ஒண்ணுக்குப் போயிருக்கு. நாளைக்குக் காலைல வீரியம் தானா அடங்கிடும். அதுவரைக்கும் சட்டை ஈயப் பெட்டிக்குள்ள இருக்கட்டும்."

வாலு பனியனோடு நின்றான். "என்கிட்ட இருந்த ஒரே நல்ல சட்டை, டீச்சர்."

"நல்ல சட்டைன்னு எலி நினைக்கல," என்றார் டீச்சர், நாற்காலியை விட்டு அசையாமல்.

டீச்சர் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவர். பொய் சொல்லும் பிள்ளைகளைப் பிடிப்பதில் கிடைத்த சுகம் பாடம் நடத்துவதில் கிடைக்கவில்லை என்று வேலையை உதறிவிட்டுத் துப்பறிய வந்துவிட்டார். வாலு அவரிடம் அகப்பட்ட பிள்ளைகளில் ஒருவன். முப்பது வயதாகியும் இன்னும் விடுதலை கிடைக்கவில்லை.

எலி டாக்டர் ஈயப் பெட்டியைப் பூட்டச் சாவி தேடினார். இங்கே எல்லாவற்றுக்கும் பூட்டு உண்டு. குளிர்பெட்டிக்கு, மருந்து அலமாரிக்கு, கண்ணாடிக் குழாய்கள் வைத்த பெட்டிக்கு. இந்தக் கூடத்தை நடத்தும் பேராசிரியரின் மேசையில் பென்சில் வைக்கும் இழுப்பறையில்கூட ஒரு சின்னப் பித்தளைப் பூட்டு.

"பென்சிலுக்குப் பூட்டா? நடந்து போயிடும்னு பயமா?" என்றான் வாலு.

"அவர் சுபாவம் அப்படி. சாவிக் கொத்தை இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் தூங்குவார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் அவர் மனைவி," என்றார் எலி டாக்டர்.

வாலுவுக்குத் தெரியாததில்லை. அவர் வாயால் வரட்டும் என்றுதான் கேட்டான். அந்த ஒரு வார்த்தையால்தான் அவனும் டீச்சரும் இங்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பேராசிரியரின் முதல் மனைவி இறந்துபோய் வெகுநாளாகிறது. அவர் விட்டுப்போனது ஒரே மகள். இருபத்தொரு வயது ஆகியும் எல்லோருக்கும் குட்டிதான். இரண்டு வருடமாகக் குட்டியின் குடல் புண்ணாகி ரத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. நாளைக் காலை பெருங்குடல் முழுவதையும் எடுத்துவிட்டு, வயிற்றின் ஓரத்தில் ஒரு பையைப் பொருத்தப் போகிறார்கள். ஆயுள் முழுக்க அந்தப் பைதான்.

அவள் அப்பா ஆராய்ச்சி செய்வதும் அதே குடல் நோயைத்தான். மகளுக்காக எலிகளோடு போராடும் தகப்பன் என்று பத்திரிகைகள் எழுதின. எலிகளுக்கு அந்த நோய் தானாக வராது. குடிக்கிற தண்ணீரில் ஒரு வெள்ளைப் பொடியைக் கலந்து வைப்பார்கள். ஒரு வாரத்தில் குடல் வெந்து சிவந்துவிடும். பிறகு புது மருந்தைக் கொடுத்து ஆறுகிறதா என்று பார்ப்பார்கள்.

குட்டியின் பெரியம்மா, இறந்தவளுடைய அக்கா, டீச்சரிடம் வந்து நின்றாள். "என் வீட்டுல வந்து தங்கினா புள்ள தேறிடறா. அங்க போனா படுத்துடறா. அந்த எலிப் பொம்பள கஞ்சியில பொடியைக் கலக்கறா. நீங்க அதை நிரூபிச்சுக் கொடுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி."

கஞ்சியைச் சோதனைக்கு அனுப்பினால் பதில் வருவதற்குள் குடல் போய்விடும். அதனால் டீச்சர் பேராசிரியரிடமே மூன்று கூண்டுகள் கேட்டார். குட்டி வீட்டில் குடிக்கும் கஞ்சி, தண்ணீர், டானிக் மூன்றையும் தனித்தனியாக எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார். பேராசிரியர் சிரித்தபடி சம்மதித்தார். கூண்டுகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் மட்டும் ஒட்டியிருந்தது. எதில் எது என்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்றார் டீச்சர்.

அந்த எலிகளைப் படம் எடுக்கும் நாள் இது. எடுக்கப் போகிறவர் எலி டாக்டர்.

"சந்தேகப்படற ஆளையே போட்டோ எடுக்கச் சொல்றீங்க," என்று காலையிலேயே முணுமுணுத்திருந்தான் வாலு.

"அவங்க கையாலேயே வரட்டும். அப்பத்தான் வேற யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க," என்று டீச்சர் வாயை அடைத்துவிட்டார்.

எலி டாக்டர் முதல் எலியை எடுத்தார். சிவப்புக் கூண்டு. மயக்க வாயு சுவாசித்து, மெத்தென்ற சூடான விரிப்பில் அது கிடந்தது. வாலில் ஊசி போட்ட இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

"இந்த விரிப்பு எதுக்கு? எங்க வீட்டுல எனக்கே கிடையாது."

"குளிர்ந்த எலி, உடம்பைச் சூடாக்கத் தோள் நடுவுல இருக்கிற கொழுப்பை எரிக்கும். அங்கயும் படத்துல மின்னும். நமக்குக் குடல் மட்டும்தான் வேணும்."

"குடல் ஏன் மின்னணும்?"

"நாம ஏத்தினது சர்க்கரை மாதிரி ஒண்ணு. அதுல துளி கதிர்வீச்சு ஒட்டியிருக்கு. உடம்புல எங்க வீக்கமோ அந்த இடம் சர்க்கரையை அள்ளி அள்ளி விழுங்கும். விழுங்கின இடம் கேமராவுல தெரியும்."

"பேராசைக்காரன் வீட்டுல மட்டும் விளக்கு எரியும்."

"அப்படி வச்சுக்கங்க."

எலி, வட்டமான கருவிக்குள் மெதுவாகப் போனது. காத்திருந்த நேரத்தில் வாலு சும்மா இருக்கவில்லை. மேசை மேல் புத்தம் புதிதாக ஒரு ஐஸ் பெட்டி இருந்தது. மூடியில் வெள்ளைப் பட்டி ஒட்டி நாளைய தேதி எழுதியிருந்தது.

"யாருக்கு ஐஸ்கிரீம்?"

"நாளைக்கு எடுக்கிற குடல் அதுல வரும்," என்றார் எலி டாக்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவர்தான் கேட்டு வாங்கியிருக்கார். வீணாப் போகறதுக்கு ஆராய்ச்சிக்காவது உதவட்டும்னு."

வாலு பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். கைக்கு ஒரு இடம் வேண்டுமென்று பக்கத்து அலமாரியில் சாய்ந்தான். அதன் கதவு திறந்துகொண்டது. உள்ளே ஒரே மாதிரி வெள்ளை டப்பாக்கள்.

"அடேங்கப்பா. இந்தக் கட்டடத்துலயே பூட்டாத ஒரே கதவு."

எலி டாக்டர் திரும்பி முகம் சுளித்தார். "அதுதான் நோயை உண்டாக்கற பொடி. பூட்டு உடைஞ்சுபோச்சுன்னு அவர் எப்பவோ எடுத்துட்டுப் போனார். மாத்தச் சொல்லி மாத்தச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு."

டீச்சர் அந்த அலமாரியை ஒரு முறை பார்த்தார். பென்சில் இழுப்பறையை ஒரு முறை பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

திரையில் படம் வந்தது. இருண்ட உடம்பின் அடியில் ஒரு வெளிச்ச உருண்டை.

"மின்னுது டீச்சர், சிவப்பு மின்னுது."

"அது மூத்திரப்பை," என்றார் எலி டாக்டர். "எல்லா எலிக்கும் மின்னும். உங்க சட்டைக்குக் காரணமே அதுதான். குடல் இங்க இருக்கு. பாருங்க, இருட்டு. சுத்தமா இருக்கு."

அவர் எலியை வெளியே எடுத்தார். மயக்கம் தெளிவதற்குள் கட்டைவிரலைக் கழுத்தில் வைத்து வாலைப் பிடித்து ஒரு இழுப்பு. சின்னதாக ஒரு சத்தம். எலி டப்பாவுக்குள் போனது.

வாலு டப்பாவை எட்டிப் பார்த்தான். "ஏன்?"

"படம் எடுத்து முடிச்சா அப்படித்தான். வலி தெரியாது."

"யாருக்கு?"

எலி டாக்டர் கையுறையை மாற்றிக்கொண்டார். மஞ்சள் கூண்டைத் தூக்க உள் அறைக்குப் போனார்.

வாலு குனிந்து டீச்சரின் காதருகே வந்தான். அவன் குரல் இறங்கியது. "மூணு பாட்டில்லயும் இருக்கிறது வெறும் குழாய்த் தண்ணிதானே. எல்லாமே இருட்டாத்தான் வரும்."

"வராது. வந்தா நான் துப்பறியற தொழிலை விட்டுடறேன்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நான் உங்க மாணவன்."

"அதனாலதான் சந்தேகமா இருக்கு." டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வீட்டுல மூணு பேரைத் தனித்தனியாக் கூப்பிட்டேன். உங்களுக்கு மட்டும் சொல்றேன், சித்தியோட கஞ்சி இந்த நிறக் கூண்டுல இருக்குன்னு ரகசியமாச் சொன்னேன். அப்பாவுக்கு ஒரு நிறம். பெரியம்மாவுக்கு ஒரு நிறம். குட்டிக்கு ஒரு நிறம்."

வாலுவின் முகம் மெல்ல மலர்ந்தது. "பரீட்சையில வரிசைக்கு ஒரு வினாத்தாள் கொடுப்பீங்களே. நான் பக்கத்துப் பையன் விடையை வரி விடாம எழுதினேன். அவன் கேள்விக்கு அது சரி. என் கேள்விக்கு..."

"வெட்கமில்லாம அதை வேற ஞாபகம் வச்சிருக்க. கஞ்சியில எதுவும் இல்லன்னு யாருக்குத் தெரியும்? பொடி கொடுக்கிற ஆளுக்குத்தான் தெரியும். பழி சித்தி மேல விழணும்னா, கஞ்சிக் கூண்டு மின்னணும். தானா மின்னாது. அந்த ஆள் வந்து பொடி போட்டாகணும். போட்டா, எந்த நிறத்துல போட்டாங்களோ அந்த நிறத்தை என்கிட்டக் கேட்ட ஆள்."

"எதுவுமே மின்னலன்னா?"

"அப்ப சித்தியேதான். தன்னைத்தானே மாட்டிவிட்டுக்க யாரும் கஷ்டப்பட்டுப் பொடி போடமாட்டாங்க."

மூன்று பேருமே இந்தப் பத்து நாளில் ஏதோ சாக்கு வைத்து எலி அறைக்கு வந்துபோயிருந்தார்கள். பெரியம்மா சண்டை போட வந்தாள். பேராசிரியர் வேலையாக வந்தார். குட்டி, ஆஸ்பத்திரியில் பொழுது போகவில்லை என்று சக்கர நாற்காலியில் வந்தாள். ஆஸ்பத்திரி, முற்றத்துக்கு எதிர்ப்பக்கம்தான்.

"பெரியம்மா," என்றான் வாலு. "என் சட்டைமேல சத்தியம். தங்கச்சி இடத்துக்கு வந்தவளை ஜெயிலுக்கு அனுப்பிட்டு, புள்ளையைத் தூக்கிட்டுப் போகணும். அந்தம்மா பழம் நறுக்கறதைப் பார்த்தீங்களா? பழத்துக்கே பயமா இருக்கு."

"உன் சட்டை ஈயப் பெட்டியில இருக்கு. வாயை மூடு."

மஞ்சள் எலி உள்ளே போனது. வெளியே வந்தது. மூத்திரப்பை மட்டும் மின்னியது. குடல் இருட்டு. மறுபடியும் அந்தச் சின்னச் சத்தம்.

பச்சை எலி மெலிந்திருந்தது. ரோமம் சிலிர்த்து நின்றது. அதைக் கையில் எடுத்தவுடனேயே எலி டாக்டரின் நெற்றி சுருங்கியது. எலியின் வால் அடியில் ஈரமாக ஒரு கறை. அவர் அதைக் கருவிக்குள் அனுப்பினார்.

படம் மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கியது. தலை. மார்பு. வயிறு வந்ததும் திரை பற்றிக்கொண்டதுபோல் ஆனது. முறுக்கிப் போட்ட கயிற்றுக்குத் தீ வைத்ததுபோலப் பெருங்குடல் முழுக்க வெளிச்சம், ஒரு முனையிலிருந்து மறு முனைவரை.

எலி டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இதுல என்ன கொடுத்தீங்க? என் கஞ்சியா?"

"குழாய்த் தண்ணி," என்றார் டீச்சர்.

"பச்சை யாருக்குச் சொன்னது, டீச்சர்?" என்றான் வாலு.

டீச்சர் எழுந்தார். வாலுவுக்கு அந்த முகம் தெரியும். விடைத்தாளைத் திருத்திக்கொண்டே வந்து, கெட்டிக்காரப் பிள்ளையின் தாளில் நின்றுவிடும் முகம்.

"டாக்டரம்மா, இந்த எலியை மட்டும் கொல்லாதீங்க. ஆஸ்பத்திரிவரைக்கும் போய்ட்டு வர்றேன்."

*

அறையில் மருந்து வாசனையும் ஆப்பிள் வாசனையும் இருந்தன. பெரியம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"மாட்டிக்கிட்டாளா அந்த ராட்சசி?"

"கொஞ்சம் வெளியே இருங்க."

"எதுக்கு? நான்தானே உங்களைக் கூப்பிட்டு வந்தேன்."

"அதனாலதான் மரியாதையாச் சொல்றேன்."

பெரியம்மா கத்தியை வாலுவின் கையில் திணித்துவிட்டுப் போனாள். வாலு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தட்டோடு சேர்த்து ஜன்னலில் வைத்தான்.

குட்டி, தலையணையில் பாதி புதைந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போய்க் கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன. டீச்சரைப் பார்த்ததும் சிரித்தாள். சட்டையை லேசாக விலக்கிக் காட்டினாள். தொப்புளுக்கு வலது பக்கத்தில் நீல மையால் ஒரு வட்டம்.

"இங்கதான் பை வரும், டீச்சர். சர்ஜன் வரைஞ்சார். அப்பா வந்து பார்த்துட்டு, கொஞ்சம் கீழ வச்சா நல்லதுன்னு சொன்னார். அப்புறம் மாத்தி வரைஞ்சாங்க. அப்பாவே கை வச்சுக் காட்டினார்."

அந்தக் குரலில் பயம் இல்லை. பரிசு வாங்கின பிள்ளையின் குரல் அது.

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பச்சைக் கூண்டு மின்னுது, குட்டி."

"ஐயோ. சித்தியா?" என்றாள் குட்டி. கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டாள்.

"கஞ்சி பச்சையிலன்னு உனக்கு யார் சொன்னது?"

"நீங்கதான்."

"பெரியம்மாவுக்கு மஞ்சள்னு சொன்னேன். உங்கப்பாவுக்குச் சிவப்புன்னு சொன்னேன். பச்சைன்னு உலகத்துலயே ஒரே ஒரு ஆள்கிட்டத்தான் சொன்னேன்."

வாலு பனியனோடு சுவரில் சாய்ந்து நின்றான்.

குட்டி தன் விரல் நகங்களைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "சித்தி நல்லவங்க. அவங்க மாட்டணும்னு இல்ல. நீங்க யாரோ ஒருத்தரைத் தேடிக்கிட்டே இருந்தீங்க. கிடைக்காம விடமாட்டீங்கன்னு தெரிஞ்சுது."

"உனக்கு நீயே போட்டுக்கிட்ட. ரெண்டு வருஷமா."

"முதல்ல நிஜமாவே வயித்து வலி வந்துது. சாதாரண வலி. அப்பா கட்டில்ல பக்கத்துலயே உட்கார்ந்திருந்தார். வயித்துல கை வச்சு அழுத்தி அழுத்திப் பார்த்தார். எங்க வலிக்குது, இங்கயா, இங்கயான்னு கேட்டார். அம்மா போனதுக்கப்புறம் அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி அதுதான்." அவள் மூச்சு வாங்கினாள். "மறுநாள் சரியாயிடுச்சு. அவர் எலிகிட்டப் போயிட்டார். நானும் பின்னாடியே போனேன், திறந்து கிடந்த அலமாரியில இருந்து ஒரு கரண்டி பொடி எடுத்தேன்."

"அதுக்காக?"

"இப்ப தினம் காலைல அவரே வந்து என்னை எடை பார்க்கறார், டீச்சர். என் எடை அவருக்கு மனப்பாடம். என் பிறந்த நாள் தெரியாது, என்ன படிக்கறேன்னு தெரியாது. எடை தெரியும். அந்த வீட்டுல அப்பா கண்ணுல படணும்னா எலியாத்தான் இருக்கணும்."

டீச்சர் அவள் தலையைத் தடவவில்லை. கையைப் பிடிக்கவில்லை. அவருக்கு அந்த வித்தை தெரியாது. தெரிந்ததைச் செய்தார்.

"படம் எடுத்து முடிஞ்ச எலியை என்ன செய்வாங்க, குட்டி? நீ அங்கயே வளர்ந்தவ. சொல்லு."

குட்டி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"குடலை எடுத்தாச்சு. எடை பார்க்க வேண்டாம். வலிக்குதான்னு கேட்க வேண்டாம். அழுத்திப் பார்க்க அங்க ஒண்ணுமே இருக்காது. நாளை மறுநாள் உங்கப்பா எங்க இருப்பார்?"

"போதும், டீச்சர்," என்றான் வாலு மெதுவாக.

"நீ சும்மா இரு. ஐஸ் பெட்டி ஒண்ணு வந்திருக்கு, குட்டி. புதுசு. அவர் பாசமெல்லாம் அந்தப் பெட்டியோட போயிடும். உனக்குப் பைதான்."

குட்டி அழவில்லை. வயிற்றில் இருந்த நீல வட்டத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"உனக்கு இருபத்தொரு வயசு. வேண்டாம்னு நீ ஒரு வார்த்தை சொன்னா சர்ஜன் தொடமாட்டார். பொடியை நிறுத்தினா குடல் தானா ஆறும். பெரியம்மா வீட்டுல ஆறியிருக்கே."

"அப்பா சொல்லட்டும்," என்றாள் குட்டி. "உண்மையை நானே அவர்கிட்டச் சொல்றேன். அதைக் கேட்டுட்டு அவர் ஆபரேஷன் வேண்டாம்னு சொன்னாப் போதும். நிறுத்திடறேன். எல்லாத்தையும் நிறுத்திடறேன்."

"சொல்லலன்னா?"

"சொல்லுவார்." அவள் போர்வையை விலக்கினாள். "குடல் இல்லாம நான் எதுக்குன்னு அவர் நினைக்க மாட்டார், டீச்சர். நீங்க அவரைத் தப்பா நினைக்கறீங்க."

*

முற்றத்தைத் தாண்டிச் சக்கர நாற்காலியை வாலு தள்ளினான். வெயில் சாய்ந்திருந்தது. வழி முழுக்கக் குட்டி ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். "அப்பா, கோபப்படாதீங்க" என்று ஆரம்பிக்கலாமா, "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிக்கலாமா? வாலுவிடம் அபிப்பிராயம் கேட்டாள்.

"கோபப்படாதீங்கன்னு ஆரம்பிச்சா எங்கப்பாவுக்கு உடனே கோபம் வந்துடும்," என்றான் வாலு. "ரெண்டாவதுக்கே என் ஓட்டு."

அவள் சிரித்தாள். வாலுவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அதில் நம்பிக்கை இருந்தது.

பேராசிரியர் திரைக்கு முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். திரையில் பச்சை எலி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எலி டாக்டர் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பச்சை எலி விரிப்பில் அசைந்து மயக்கம் தெளிய ஆரம்பித்திருந்தது.

"அழகான படம்," என்றார் பேராசிரியர், காலடிச் சத்தம் கேட்டு. "பெருங்குடல் முழுக்க ஏறியிருக்கு. என் மாணவங்களுக்கு இப்படி ஒண்ணு வந்ததே இல்ல. யார் செஞ்சது, மேடம்?"

"நான்தான்பா," என்றாள் குட்டி.

அவள் ஒத்திகை பார்த்த எதையும் சொல்லவில்லை.

பேராசிரியர் நாற்காலியோடு திரும்பினார். வெள்ளைத் தாடி. சாந்தமான கண்கள். மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "ஏம்மா வெளியில வந்த? இன்னைக்குக் காலைல எடை அரைக் கிலோ இறங்கியிருக்கு. அலையக் கூடாது."

"எலிக்குப் பொடி போட்டது நான்தான். எனக்கும் நானே போட்டுக்கிட்டேன். எனக்கு நோய் இல்லப்பா." குரல் உடைந்தது. "ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லுங்கப்பா."

சுவரோரம் நின்ற எலி டாக்டர், "ஐயோ குட்டி" என்று ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தார். குட்டி அவரைப் பார்க்கவில்லை. அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேராசிரியர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். "எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சேம்மா. பெட்டிகூட வந்தாச்சு."

"காதுல விழலையா, சார்?" என்றான் வாலு. "அவங்களுக்கு நோயே இல்லங்கறாங்க."

"விழுந்துது. பொடியை நிறுத்தினா ஆறிடும். எலிக்கு ஆறற மாதிரிதான். அதுக்குப் பத்து நாள் ஆகும்." அவர் குரலில் சலிப்புத்தான் இருந்தது. "நாளைக்கு எடுத்தாத்தான் குடல் நல்லா சிவந்த நிலையில கிடைக்கும். என் மருந்தையும் ஆறு மாசமா டானிக்லயே கலந்து கொடுத்திருக்கேன். எலிக் குடல் ஆயிரம் பார்த்தாச்சு. மனுஷக் குடலை ஒருத்தனும் கொடுக்க மாட்டேங்கறான்."



டீச்சர் பொடி அலமாரியை நோக்கி நடந்தார். பூட்டு மாட்டும் வளையத்தை விரலால் ஆட்டிப் பார்த்தார். துரு இல்லை. நெளியவில்லை. உடைத்த அடையாளம் எதுவும் இல்லை.

"சார், அந்தப் பென்சில் இழுப்பறையைக் கொஞ்சம் திறங்க."

பேராசிரியர் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தார். தயங்கவில்லை. இழுப்பறை திறந்தது. உள்ளே கூர் சீவி அடுக்கிய பென்சில்கள். அவற்றின் மேல் ஒரு பெரிய எஃகுப் பூட்டு, சாவி அதிலேயே தொங்கியபடி.

வாலு அதை எடுத்தான். சாவியைத் திருப்பினான். பூட்டு வெண்ணெயாகத் திறந்தது. அழுத்தினான். மூடியது.

"பூட்டு உடைஞ்சுபோச்சுன்னு உங்க மனைவிகிட்டச் சொன்னீங்களாமே," என்றார் டீச்சர். "எப்ப உடைஞ்சுது?"

சக்கர நாற்காலியில் குட்டி அசையாமல் இருந்தாள். பேராசிரியர் அவளைப் பார்த்தார். முதல் தடவையாக அவள் கண்களைப் பார்த்தார். நல்ல மதிப்பெண் எடுத்த மாணவியைப் பார்ப்பதுபோல் ஒரு சின்னப் புன்னகை அவர் தாடிக்குள் வந்தது.

"உடையல மேடம், டப்பாவுல முதல் கரண்டி குறைஞ்ச அன்னைக்கே நான்தான் கழட்டி வச்சேன்."